ஐஸ் மெஷினும் 14 டாலர் பம்பும்



மூன்று வாரமாக ஏன் பதிவு எதுவும் போடவில்லை, உடம்புக்கு என்ன என்று மெசஞ்சரில் பலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மகள் வீட்டில், ஃபீனிக்ஸ் பக்கத்தில், ஒரு ஐஸ் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "வாத்தியாருக்கு வேலை இல்லை" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். நீளமான பதிவுதான். பத்தாம் வகுப்பு வெப்பவியல் பாடத்தில் தூங்கியவர்கள் இப்போது வட்டியோடு கட்டலாம்.

முதலில் இந்த வீட்டில் ஐஸ் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது எங்கள் சம்பந்தியம்மா, இங்கேதான் இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லை. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். மற்றவர்களைப் போல் அவர் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். காலில் வீக்கம், மூச்சிரைப்பு, இதயத்துக்குச் சுமை. டாக்டர் அவருக்குச் சொன்ன அளவு நாளுக்கு ஒரு லிட்டர். காபி, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். வெளியே 43, 44 டிகிரி. 2023இல் இந்த ஊரில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 110 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு லிட்டர் என்றால் நினைத்துப் பாருங்கள்.

இப்படிப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் தருவது ஐஸ். ஒரு மடக்குத் தண்ணீர் நொடியில் தொண்டைக்குள் போய்விடும். அதே அளவு ஐஸ் வாயில் ஐந்து நிமிடம் இருக்கும். நாக்கு நனையும், தாகம் அடங்கும். ஆனால் ஐஸும் தண்ணீர் கணக்குதான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 100 கிராம் ஐஸ் உருகினால் 100 மில்லி தண்ணீர், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதனால் கிண்ணத்தால் அளக்காமல் சமையலறைத் தராசில் எடை போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை நான் வந்ததும் ஏற்படுத்தினேன். ஆறாம் வகுப்பு படிக்கும் பேத்திதான் எடை போடும் அதிகாரி. (இது மருத்துவ ஆலோசனை அல்ல. அவரவர் டாக்டர் சொல்லும் அளவுதான் அவரவருக்கு.)

ஃப்ரிட்ஜில் தட்டு வைத்து எடுக்கும் ஐஸ் கல் மாதிரி இருக்கும், பல்செட் வைத்தவர்களால் கடிக்க முடியாது. டயாலிசிஸ் கொடுக்கும் இடத்தில் சம்பந்தியம்மாவுக்குத் தருவது வேறு ரகம். டைமண்டு கல்கண்டு அளவில், மெத்தென்று, கடித்தால் பொரி போல் நொறுங்கும். இந்த ஊரில் 'நகெட் ஐஸ்' என்கிறார்கள். அம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது என்று மாப்பிள்ளை 500 டாலருக்கு ஒரு மெஷின் வாங்கி வைத்துவிட்டார். குழாய் இணைப்பு எதுவும் தேவையில்லை. மேடைமேல் தனியாக நிற்கும். தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் போதும். கால் மணி, இருபது நிமிடத்தில் ஐஸ் விழ ஆரம்பிக்கும்.

அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? நம் வீட்டு முறுக்கு உழக்கேதான்! செங்குத்தாக ஒரு உலோக உருளை. அதன் வெளிச்சுவரைச் சுற்றி மிகக் குளிர்ந்த வாயு ஓடுகிறது. உள்ளே வரும் தண்ணீர் சுவரில் பட்டு மெல்லிய பனி ஏடாகப் பிடிக்கிறது. உருளையின் நடுவில் திருகுபோல மரை வெட்டிய தண்டு ஒன்று மெதுவாகச் சுற்றி, பாத்திரத்தில் ஒட்டிய ஆடையைக் கரண்டியால் வழிப்பதுபோல் அந்தப் பனியை வழித்து மேலே தள்ளுகிறது. மேலே ஓட்டைகள் உள்ள ஒரு அச்சு. ஈரப் பனித்தூள் அதில் நெருக்கிப் பிழியப்பட்டு, முறுக்கு மாதிரி நீண்டு வந்து, துண்டு துண்டாக உடைந்து கூடையில் விழுகிறது. கம்ப்ரசர், விசிறி, தண்டைச் சுற்றும் மோட்டார், தண்ணீரை ஏற்றும் பம்பு, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லும் மிதவை, இவ்வளவையும் கவனிக்கும் ஒரு மின்பலகை. உறுப்புகள் அவ்வளவுதான்.

இன்னொன்று. ஐஸ் விழும் கூடை ஃப்ரீசர் அல்ல. அங்கே ஐஸ் உருகத்தான் செய்யும். உருகிய தண்ணீர் கீழே தொட்டிக்கே போய் மறுபடி ஐஸாகும். இது தெரியாமல் "மெஷின் கெட்டுப்போச்சு, ஐஸ் உருகுது" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டாம்.

நான் வந்த இரண்டாவது வாரம் மெஷின் கிரீச்சிட ஆரம்பித்தது. எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் மாதிரி. பிறகு ஐஸ் குறைந்தது. ஒரு சனிக்கிழமை காலை, தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க, 'தண்ணீர் ஊற்று' என்று சிவப்பு விளக்கு எரிந்தது. அதோடு நின்றுவிட்டது.

வாங்கி 15 மாதம். உத்தரவாதம் 12 மாதம். மகள் கம்பெனிக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் பேசிய பெண் மிக மரியாதையாக, உதிரிபாகம் எதையும் நாங்கள் தனியாக விற்பதில்லை, புது மெஷின் வாங்கினால் தள்ளுபடி தருகிறோம் என்றார். உள்ளூர் ரிப்பேர்காரர் வந்து பார்ப்பதற்கு மட்டும் 120 டாலர் கேட்டார். அதுவும் இந்த ரகத்தைத் தான் தொடுவதில்லை என்று முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவிட்டார்.

"விடுங்க மாமா, புதுசே வாங்கிடலாம். உங்க நேரம் எதுக்கு வீணா?" என்றார் மாப்பிள்ளை. நல்ல மனிதர். அவருடைய ஒரு மணி நேரச் சம்பளத்தைக் கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். நான் சொன்னேன்: "மாப்பிள்ளை, புது மெஷினுக்கும் இதே தண்ணியைத்தானே ஊத்தப் போறீங்க? இது எதனால செத்துச்சுன்னு தெரியாம வாங்கினா, அதுவும் 15 மாசத்துலதான் நிக்கும்." அவர் ஒன்றும் பேசவில்லை. புது மெஷின் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்று காட்டியது. அந்த ஒரு வாரத்தை எனக்குக் கொடுத்தார்.

ஒரு வாரம் என்பது சின்ன விஷயமில்லை என்று திங்கட்கிழமை தெரிந்தது. டயாலிசிஸுக்கு முன் எடை பார்ப்பார்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் ஏறிய எடை என்பது உடம்பில் தங்கிய தண்ணீர். சம்பந்தியம்மாவுக்கு வழக்கமாக இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும். அன்று மூன்றரை. அங்கிருந்த நர்ஸ் முகம் சுளித்தாராம். அவ்வளவு தண்ணீரையும் நாலு மணி நேரத்தில் இழுத்ததில் காலில் தசைப்பிடிப்பு, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம். வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "ராத்திரி தொண்டை காஞ்சு போச்சுண்ணா. ரெண்டு தடவை எழுந்து குழாய்ல குடிச்சிட்டேன். பிள்ளைகிட்ட சொல்லாதீங்க." சொல்லவில்லை. (இதைப் போடட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "போடுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும், அதுக்குள்ள நானே அவன்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.)

அன்று மாலையே ஒரு டிரைவ்-இன் கடையில் இதே ரக ஐஸைப் பையாக வாங்கிவந்தோம். சோனிக் என்ற கடை. இந்த நாட்டில் அந்த ஐஸுக்காகவே அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். ஃப்ரீசரில் வைத்தால் விடிவதற்குள் ஒட்டி ஒரே பாறையாகிவிடுகிறது. பூரிக்கட்டையால் தட்டித் தட்டிக் கொடுத்து நாள் ஓட்டினோம்.

பழைய மாணவர் ஒருவர், 1994 பேட்ச், கோவையில் ஏ.சி., ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவரை வீடியோவில் பிடித்தேன். எங்களுக்கும் உங்களுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு எட்டரை, அங்கே மறுநாள் காலை ஒன்பது, கடை திறக்கும் நேரம். மெஷினைக் காட்டியதும் அவர் சொன்னது இதுதான்: "சார், கம்ப்ரசர், செம்புக் குழாய் பக்கம் போகவே போகாதீங்க. இந்தச் சின்ன மெஷின்ல இப்போ பெரும்பாலும் ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற கேஸ். கம்ப்ரசர் ஓடுது, விசிறி சுத்துதுன்னா உங்க கம்ப்ளெயிண்ட் கேஸ்ல இல்ல, தண்ணிலதான். தண்ணி போற வழியை மட்டும் பாருங்க." எனக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்தது. பாதிக் கதவை மூடிவிட்டு மீதிப் பாதியில் மட்டும் தேடச் சொல்கிறார்.

தண்ணீர் போகும் வழியை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மிதவை சிக்கியிருந்தால் தொட்டி நிறைந்திருந்தாலும் விளக்கு எரியும். மிதவை சரியாகவே இருந்தது. தொட்டி ஒருமுறை வறண்டால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும், பம்பு சுற்றினாலும் தண்ணீர் ஏறாது. நம் ஊர் மோட்டாருக்கு 'ஏர் லாக்' ஆகும்போது தண்ணீர் ஊற்றி எடுப்போமே, அதேதான். பின்பக்க வடிகுழாயைத் திறந்து முழுக்க வடித்து மறுபடி நிரப்பினால் பெரும்பாலும் சரியாகும். எங்களுக்கு ஆகவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்தகட்டைக் கழற்றினோம். நட்சத்திர வாய் திருகாணிகள். அதற்கென்று தனித் திருப்புளி. கழற்றிய வரிசையிலேயே ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, ஒவ்வொரு படிக்கும் பேத்தி போட்டோ எடுத்தாள். திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது கண்டன்சர் தகடுகளில் பாலைவனத் தூசி, கம்பளி மாதிரி. பெயிண்ட் பிரஷ்ஷால் அதைத் தட்டி எடுத்தோம். தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பம் எல்லாம் அந்தத் தகடு வழியாகத்தான் வெளியே போகவேண்டும். ஒரு கிராம் தண்ணீர் பூச்சியம் டிகிரியில் ஐஸாக மாற எத்தனை கலோரி வெளியேறவேண்டும்? பின் பெஞ்ச்? 80. அதே ஒரு கிராமை 25 டிகிரியிலிருந்து பூச்சியத்துக்குக் கொண்டுவர வெறும் 25. குளிர்விப்பதைவிட உறையவைப்பதுதான் மூன்று மடங்குக்கு மேல் வேலை. ஆகவே மெஷினைச் சுவரோடு ஒட்டி வைத்து மூச்சுமுட்ட வைக்காதீர்கள்.

அடுத்தது பம்பு. உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு டப்பி. மெஷினின் மின்பலகையை ஓடவிட்டுச் சோதிப்பது ஆபத்து, பக்கத்திலேயே 120 வோல்ட் ஓடுகிறது. பம்பின் மேல் '12 வோல்ட் டி.சி.' என்று எழுதியிருந்ததால் அதை மட்டும் வெளியே எடுத்து, வீட்டில் கிடந்த பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டரில் இணைத்தேன். 'ம்ம்ம்' என்று உறுமியது, சுற்றவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் இம்பெல்லர் வெள்ளைப் பொருக்கில் அப்படியே புதைந்திருந்தது. சுரண்டியும் பார்த்தோம், அச்சு தேய்ந்து ஆடியது.

வெள்ளைப் பொருக்கு என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வெந்நீர்த் தவலையின் அடியில் படிகிறதே, அதே கால்சியம் கார்பனேட். கொலராடோ ஆற்றிலிருந்தும் சால்ட் ஆற்றிலிருந்தும் வரும் இந்த ஊர்த் தண்ணீர் நல்ல கடினநீர். ஐஸ் மெஷினில் இன்னொரு சங்கதியும் உண்டு. தண்ணீர் உறையும்போது உப்பை முடிந்தமட்டும் ஒதுக்கிவிட்டுத்தான் உறையும். ஒதுக்கிய உப்பு மீதித் தண்ணீரில் தங்கும். நாம் வடிக்காமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் கெட்டிப்படும். அந்த உப்புதான் தண்டில் படிந்து கிரீச்சிட்டது, பம்பில் படிந்து கழுத்தை நெரித்தது. 15 மாதம் தாங்கியதே பெரிது.

பம்பை எங்கே வாங்குவது? மெஷின் கம்பெனிதான் எதையும் தனியாக விற்காதே. இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்தக் கம்பெனி பம்பு செய்வதே இல்லை! வேறொருவர் செய்ததை வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள். டப்பியில் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டில் பம்பு செய்தவரின் எண் இருந்தது. மெஷினின் மாடல் நம்பரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. பம்பின் எண்ணைப் போட்டுத் தேடினால் வந்தது. எண் அழிந்துபோயிருந்தாலும் நாலு விஷயம் பொருந்தினால் போதும்: வோல்ட், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், உள்ளே வரும் வெளியே போகும் குழாய்களின் விட்டம், திருகாணி ஓட்டைகளுக்கு இடையே தூரம். ஐந்தாவதாக, குடிநீருக்கு ஏற்றதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். அதே அளவில் மீன்தொட்டிக்கும் நீரூற்றுக்கும் பம்பு பாதி விலைக்கு விற்கிறான், வாங்கிவிடாதீர்கள். வாயில் போடும் ஐஸ்.

விலை 14 டாலர். மூன்று நாளில் வந்தது. 14 டாலர் சாமான் இல்லாமல் 500 டாலர் சாமானைக் குப்பையில் போடச் சொல்கிறார்களே, இதை எந்த வகுப்பில் எந்தக் கணக்காகப் போடுவது? பக்கத்து மாநிலமான கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. அதில் வரும் மின்னணுப் பொருள்களும் வீட்டுச் சாதனங்களும் 100 டாலரும் அதற்கு மேலும் விலை உள்ளவை என்றால், கடைசி உருப்படி தயாரித்த நாளிலிருந்து 7 வருடத்துக்கு உதிரிபாகமும் பழுதுபார்க்கும் விவரமும் கொடுக்கவேண்டும். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை இதற்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. ஆனால் சட்டமோ தளமோ வந்து நம் வீட்டுத் திருகாணியைக் கழற்றப்போவதில்லை.

பம்பைப் பொருத்துவதில் ஒரே இடைஞ்சல், கம்பி முனை பழைய பிளக்கில் நுழையவில்லை. பழைய பம்பின் முனையைக் கம்பியோடு வெட்டி எடுத்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு சேர்த்து, ஈரம் புகாத உறை போட்டோம். தண்ணீர் ஏறியது. கிரீச் மட்டும் போகவில்லை.

அதற்கு மருந்து சிட்ரிக் அமிலம். லட்டு மாதிரி பாக்கெட்டில் வருகிறது, கடையில் சுலபமாகக் கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினோம். குழாயில் குமிழ் குமிழாகக் கார்பன் டை ஆக்சைடு வந்ததைப் பார்த்துப் பேத்தி கைதட்டினாள். முதல் தடவை வடித்தபோது மோர் மாதிரி வெள்ளையாக வந்தது. மூன்றாம் தடவைதான் தெளிந்தது. பிறகு நல்ல தண்ணீரால் நாலைந்து தடவை அலசினோம். முதலில் விழும் ஐஸைக் கொட்டிவிடவேண்டும். ஒரு எச்சரிக்கை: கிருமி நீக்க பிளீச் போடுகிறவர்கள் அமிலத்தோடு அதைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். ஒன்றை முழுக்க அலசிய பிறகுதான் மற்றது, முடிந்தால் வேறொரு நாளில்.

கிரீச் முக்கால்வாசி போய்விட்டது. கால்வாசி இருக்கிறது. தண்டின் அடித் தாங்கி தேய்ந்திருக்கவேண்டும் என்கிறார் கோவை மெக்கானிக். அதை மாற்றவேண்டுமானால் உருளையையே கழற்றவேண்டும், அது நம் வேலையில்லை. இன்னும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஓடலாம். அதற்குள் நின்றால் மாப்பிள்ளை புதிது வாங்கட்டும், நான் தடுக்கமாட்டேன். இப்போது வடிகட்டிய தண்ணீர்தான் ஊற்றுகிறோம். இரண்டு நாளுக்கொரு முறை தொட்டி முழுக்க வடிக்கிறோம். மாதம் இருமுறை அமிலக் கழுவல். பம்பின் எண், குழாய் விட்டம், வாங்கிய தேதி எல்லாம் எழுதிய தாளைப் பின்தகட்டின் உட்புறம் ஒட்டியாயிற்று.

மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை எடை ஏற்றம் இரண்டு கிலோ இருநூறு. ஐஸ் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், உப்பையும் குறைத்தார். இரவு படுக்கும் முன் பேத்தி 60 கிராம் நிறுத்து ஒரு ஃபிளாஸ்கில் போட்டு அவர் தலைமாட்டில் வைக்கிறாள்.

நடுவில் ஒரு நினைவு வந்தது. பி.எட். படித்தபோது திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பில் இறங்கி நடப்பேன். 1842இல் கட்டிய கட்டடம். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த ஐஸை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி மதராசுக்குக் கொண்டுவந்து சேமித்த இடம் அது. (1897இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான்.) அப்போது இவர்கள் ஊர் ஐஸ் நம் ஊருக்கு வந்தது. அதில் உதிரிபாகம் எதுவும் கிடையாது, உருகினால் தீர்ந்தது.

சென்னையில் மாமனாருக்காக இப்படி ஒரு மெஷின் வாங்கலாமா, அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணனிடம் சொல்லிவிடலாமா என்று போன வாரம் கேட்ட 2003 பேட்ச் மாணவிக்கு: அண்ணனிடம் சொல்லாதே அம்மா. இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 230, 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60க்கென்று செய்த கம்ப்ரசர் மோட்டார் 50இல் மெதுவாக ஓடிச் சூடேறும். அங்கேயே விற்பதை வாங்கு. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேள்: பம்பும் மோட்டாரும் தனியாகக் கிடைக்குமா, பின்தகடு திருகாணியில் நிற்கிறதா ஒட்டி மூடியிருக்கிறதா, பழுதானால் வீட்டுக்கு ஆள் வருவாரா. வந்து இறக்கியதும் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டு அப்புறம் பிளக்கைச் சொருகு, கம்ப்ரசர் எண்ணெய் இடத்துக்குத் திரும்பவேண்டும். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்துப் போடு. உங்கள் வீட்டு போர்த் தண்ணீரின் டி.டி.எஸ். எவ்வளவு என்று பார்த்து, மெஷினின் மாடல் நம்பரையும் சேர்த்து எனக்கு அனுப்பு. ஆகஸ்ட் கடைசிவரை இங்கேதான் இருப்பேன். உனக்குக் காலை ஒன்பதுக்கு மேல் கூப்பிடு, விழித்திருப்பேன்.